நீ கேட்ட கோலாப் படம்

தம்பி,

நீ சுகமாக இருக்கிறாய் என்று ஞாயிற்றுக்கிழமை போனிலேயே கேட்டறிந்துவிட்டேன். நாங்களும் சுகம், அப்பாவின் முழங்காலைத் தவிர. ஆகவே அந்த வரிகளை விட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்பது எனக்குத் தெரியும். ஆறு வருசம் சனிக்கிழமை காலைகளில் அழுதழுது தமிழ்ப் பள்ளிக்கூடம் போனதற்கு இன்றைக்காவது ஒரு பலன் இருக்கட்டும். இங்கிலீசில் எழுதினால் இரண்டு நிமிசத்தில் வாசித்து 'ஓகே அம்மா' என்று முடித்துவிடுவாய். நீ ஒவ்வொரு சொல்லாக நின்று வாசிக்க வேண்டும் என்பதற்காகவே தமிழில் எழுதுகிறேன்.

போனில் நீ கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. "அம்மா, அந்த கோலா ஃபோட்டோ இருக்கெல்லே, நீங்கள் கூறைச் சேலையோடை கோலாக் கரடியைத் தூக்கிக்கொண்டு, அப்பா பக்கத்திலை டை கட்டிக்கொண்டு? அதை ஸ்கேன் பண்ணி அனுப்புங்கோ. நிருபா வந்த முதல் சண்டே அவவைக் கூட்டிக்கொண்டு போய் அதே போஸிலை ஒண்டு எடுக்கப்போறன். வெடிங்கிலை ரெண்டையும் பக்கத்திலை பக்கத்திலை போடலாம்." அந்தப் பிள்ளைக்கு இதெல்லாம் விருப்பமோ என்று கேட்டேன். "அவ சரியான ஷை அம்மா. எல்லாத்துக்கும் ஓகே எண்டுதான் சொல்லுறா" என்றாய். யார் பக்கத்தில் இருக்கும்போது கேட்டாய் என்றேன். "ஸ்பீக்கரிலைதானே கதைக்கிறனாங்கள், அவவின்ரை அப்பா, அம்மா, அண்ணா எல்லாரும் இருப்பினம்" என்று சொல்லிச் சிரித்தாய். அவளை நீ கொழும்பில் பார்த்துப் பழகியது பத்து நாள். வருகிற வியாழக்கிழமை தனியாக மெல்பேர்னில் வந்து இறங்கப்போகிறாள். ஆறு கிழமையில், ஒன்றரை மாதத்தில், கல்யாணம். நான் போனை வைத்தேன். படத்தை அனுப்பவில்லை. அதற்குப் பதிலாக இந்தக் கடிதம் வருகிறது.

அந்தப் படம் எடுத்தபோது நான் சிட்னிக்கு வந்து ஏழாவது ஞாயிறு. எழுபதுகளின் நடுப்பகுதி அது. தமிழ்க் குடும்பங்கள் கைவிரலில் எண்ணக்கூடிய அளவுதான். கறுவாத் தூளுக்கும் கத்தரிக்காய்க்கும் ஊரெல்லாம் அலைய வேண்டும். யாழ்ப்பாணத்தில் நான் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் கணிதம் படிப்பித்தவள், சைக்கிளில் போய்வந்தவள், என்னுடைய வகுப்பில் சுண்ணாம்புக் கட்டி விழுந்தால்கூடச் சத்தம் கேட்கும். உன் அப்பா லீவில் வந்து கல்யாணம் முடித்து ஒன்பதாம் நாள் திரும்பிப் போனார். நான்கு மாதம் கழித்து நான் வந்து சேர்ந்தேன். வந்தபிறகு தெரிந்தது, என் சான்றிதழுக்கு இங்கே மதிப்பில்லை, தொழிற்சாலை வேலைக்கு மனைவியை விட அவருக்கு மனமில்லை. இரண்டாம் மாடியில் ஒரு அறையும் சமைக்க ஒரு குசினியும். அவர் காலை ஏழு மணிக்குப் போனால் ஆறரைக்குத்தான் வருவார். என் பாஸ்போர்ட் பத்திரமாக இருக்கட்டும் என்று தன்னுடைய ஒபிஸ் அலுமாரியில் வைத்திருந்தார். வெளியே போகிறேன் என்றால், "தனியப் போய் என்ன செய்யப்போறீர்? சண்டேயிலை நான் கூட்டிக்கொண்டு போறன்" என்பார். ஞாயிறு வந்தால் களைப்பென்று படுப்பார். ஜன்னலால் பார்த்தால் ரயில் நிலையம் தெரியும். எத்தனை மணிக்கு எந்த ரயில் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஒன்றிலும் ஏறியதில்லை.

உன் அப்பா கெட்டவர் இல்லை. அதுதான் சங்கடமே. கெட்டவர் என்றால் ஊருக்கு எழுதுவதற்கு ஒரு காரணமாவது கிடைத்திருக்கும். அடிக்கவில்லை, குடிக்கவில்லை, குரலை உயர்த்தியதுகூட இல்லை. என்ன குறை என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லவே தெரிந்திராது. மூச்சு முட்டுகிறது என்பதை எப்படி எழுதுவது? ஜன்னல் திறந்துதானே இருக்கிறது என்பார்கள்.

எழுதுவதற்கும் வழி இருக்கவில்லை. அந்தக் காலத்து நீல ஏரோகிராமை நீ பார்த்திருக்க மாட்டாய். ஒரே தாள், மூன்றாக மடித்து ஒட்டினால் அதுவே கடிதம், அதுவே உறை. எங்களுடைய குடும்பங்களில் ஒரு வழக்கம். மேல் இரண்டு மடிப்பில் மனைவி எழுதுவாள், கடைசி மடிப்பில் கணவன் 'மாமா, மாமிக்கு' என்று நாலு வரி எழுதி ஒட்டித் தபாலில் போடுவார். அவர் எழுதுமுன் மேலே உள்ளதை வாசிப்பார், தப்பான எண்ணத்தோடு அல்ல, சொன்னதையே திரும்பச் சொல்லாமல் இருப்பதற்காக. நீங்களே ஒன்று வாங்கி எழுதிப் போட்டிருக்கலாமே என்று கேட்பாய். போட்டிருக்கலாம். ஆனால் ஊரில் ஏரோகிராம் வந்தால் ஐயா, அதாவது என் தகப்பனார், முன்விறாந்தையில் இருந்து உரக்க வாசிப்பார், மாமியார் வீடு நாலு வீடு தள்ளி. மருமகனின் கையெழுத்து இல்லாத ஒரு கடிதம் வந்ததென்றால் அது பொழுது படுவதற்குள் தெரு முழுவதும் தெரிந்துவிடும்.

இப்போது கோலாவுக்கு வருகிறேன். ஊரிலிருந்து புதிதாக வந்த பெண்ணைச் சிட்னிக்கு வெளியே இருந்த ஒரு மிருகப் பூங்காவுக்குக் கூட்டிப்போய், கோலாவைத் தூக்கவைத்துப் படம் எடுத்து ஊருக்கு அனுப்புவது அந்த நாட்களில் எங்களுக்குள் கட்டாயம் போலவே ஆகிவிட்டது. மற்றப் பிள்ளைகளின் படம் ஊருக்கு வந்தாயிற்று, எங்கள் பிள்ளையின் படம் எங்கே என்று என் அம்மாவும் கேட்டு எழுதிவிட்டா. அப்பா ஒரு சிநேகிதரிடம் கார் இரவல் வாங்கினார். கூறைச் சேலையைக் கட்டச் சொன்னார். மிருகத்தைத் தூக்கப் போகிறேனே, பருத்திச் சேலை போதாதா என்றேன். "படம் ஊரிலை எல்லாரும் பாப்பினம்" என்றார். அந்தக் காலத்தில் யார் வேண்டுமென்றாலும் தூக்கலாம், வரிசையில் நின்றால் போதும். இப்போது உங்கள் மெல்பேர்ன் பக்கம் தூக்க விடமாட்டார்களாம், பக்கத்தில் நின்று படம் எடுக்கலாமாம். கோலாக்கள் பிழைத்தன.

காக்கிக் காற்சட்டையும் ரப்பர்ச் சப்பாத்தும் போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண்தான் கோலாவைப் பார்த்துக்கொள்பவள். நாற்பது வயதிருக்கும். மரம் மாதிரி அசையாமல் நில், கையைக் கிளை மாதிரி வை, அது தானாகப் பிடித்துக்கொள்ளும் என்று சொல்லி அதை என் நெஞ்சில் வைத்தாள். படத்தில் பார்க்கும்போது பஞ்சு மாதிரி இருக்கும். தொட்டால் தேங்காய்த் தும்புதான். பாரமும் அதிகம், யூகலிப்டஸ் தைலமும் மூத்திரமும் கலந்த ஒரு வாடை. அது என் முகத்தைப் பார்க்கவே இல்லை, தோளுக்கு மேலால் எங்கேயோ பார்த்துக்கொண்டு தூங்கி வழிந்தது. படக்காரன் ஒன்று எடுத்தான், இன்னொன்று எடுத்தான். இறக்கப் போனபோதுதான் கோலாவின் நகங்கள் கூறையின் சரிகையில் கொளுவியிருப்பது தெரிந்தது. அது காலை இழுக்க இழுக்க நூல் சுற்றிக்கொண்டது. "அசையாதேயும், கூறை கிழிஞ்சு போகும்" என்றார் உன் அப்பா. வரிசையில் நின்ற சனம் சிரித்தது, ஒரு பிள்ளை ஐஸ்கிறீமோடு கிட்ட வந்து பார்த்தது. அந்தப் பெண் ஒவ்வொரு நகமாக, ஒவ்வொரு நூலாகக் கழற்றினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கோலாவுக்குப் பயந்து என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் மட்டும் நினைக்கவில்லை. வேலையை நிறுத்திவிட்டு என் கண்ணைப் பார்த்து, உனக்கு எல்லாம் சரிதானா என்று மெல்லக் கேட்டாள். ஏழு கிழமையில் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட ஒரே ஆள் அவள்தான். உன் அப்பா பக்கத்தில் டையைச் சரிசெய்துகொண்டு நின்றார். எல்லாம் சரி, மிகவும் நன்றி என்றேன்.

நானும் அந்தக் கோலாவும் ஒரே மாதிரி என்று கதை சொல்ல வரவில்லை. அரை மணித்தியாலம் ஆனதும் அதைக் கூட்டுக்கு அனுப்பிவிட்டு வேறொன்றைக் கொண்டுவந்தார்கள். நான் வீட்டுக்குப் போய்ச் சோறு சமைத்தேன்.

பத்து நாளில் படம் தபாலில் வந்தது, இரண்டு பிரதி. பொன் எழுத்தில் பூங்காவின் பெயர் அச்சடித்த மடிப்பு மட்டைக்குள் செருகியிருந்தார்கள். ஒன்று எங்களுக்கு, ஒன்று ஊருக்கு. அப்பா வேலைக்குப் போயிருந்தார். கொப்பித் தாளில் ஒரு துண்டு கிழித்து எழுதினேன்: 'ஐயா, என்னைத் திருப்பிக் கூப்பிடுங்கோ. அம்மாக்குச் சுகமில்லை எண்டு எழுதுங்கோ, என்னவாவது எழுதுங்கோ. நான் வாறன்.' அதைப் படத்துக்கும் மட்டைக்கும் இடையில் வைத்தேன். ஐயா எந்தப் படத்தையும் மட்டையிலிருந்து எடுத்து, ஆல்பத்தில் நாலு மூலையும் ஒட்டி வைக்கிறவர். கட்டாயம் காண்பார் என்று நம்பினேன். பின்னேரம் அப்பா வந்து, மட்டையோடு உறையில் போட்டு, விலாசம் எழுதி ஒட்டினார்.

ஒரு மாதம் கழித்து ஐயாவின் பதில் வந்தது. 'படம் கிடைத்தது. மிக்க சந்தோஷம். எல்லோருக்கும் காட்டினோம். அந்த மிருகம் கடிக்காதா என்று அம்மா கேட்கிறா.' அவ்வளவுதான். நான் அதைப் பத்துத் தடவை வாசித்தேன். துண்டைக் கண்டார், வாசித்தார், வரவேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டார், இதுதான் அவருடைய மறுமொழி என்று விளங்கிக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு ஊர்ப் பக்கத்துக் கதவு அடைபட்டது. ஐயாவை வெறுத்தேன் தம்பி. அதற்குப் பிறகு ஐந்து வருசம் 'அன்புள்ள ஐயா' என்று தொடங்கிய கடிதங்களில் அந்த முதல் சொல்லைத் தவிர வேறு அன்பு இருக்கவில்லை. மழை பெய்தது, வெயில் எறித்தது, நாங்கள் சுகம். அவர் ஒவ்வொன்றுக்கும் பக்கம் பக்கமாகப் பதில் எழுதினார்.

நான் செய்த பிழைகளில் அது ஒன்று. அடுத்தது அதைவிடப் பெரிது. திலகா அன்ரியை உனக்குத் தெரியும், உன் பிறந்தநாளுக்கெல்லாம் வட்டிலப்பம் செய்துகொண்டு வருபவ. அவ அப்பாவின் சிநேகிதருக்குக் கல்யாணப் பெண்ணாக வந்தபோது இருபத்திரண்டு வயது. கல்யாணப் பதிவு எழுத்து முடிந்திருந்தது, தாலி கட்டவில்லை. சிட்னியில் ஒரு வீட்டு ஹோலில் கட்டுவதாக ஏற்பாடு. அதற்கு முந்திய ஞாயிறு வழக்கம்போலப் பூங்காவுக்குப் போனோம். நான் வந்து இரண்டு வருசம் ஆகியிருந்தது, ஆகவே நான்தான் பெரியவள், முன்னுக்கு நின்று எல்லாம் செய்கிறவள். ஆண்கள் இரண்டு பேரும் தேநீர் வாங்கப் போயிருந்தார்கள். வரிசையில் நிற்கும்போது திலகா என் கையைப் பிடித்தா.

"அக்கா, எனக்கு இஞ்சை இருக்க ஏலாது. அம்மாக்கு நீங்கள் ஒரு கடிதம் எழுதுவியளே? நான் எழுதினா நம்பமாட்டினம். நீங்கள் எழுதினா நம்புவினம்."

எனக்கு எல்லாம் விளங்கியது. உலகத்திலேயே அதை என்னளவுக்கு விளங்கக்கூடிய ஆள் அந்த நேரம் வேறு இல்லை. நான் செய்தது என்ன தெரியுமா? அவவின் சேலைத் தலைப்பைச் சரிசெய்து, வேர்வையில் கரைந்த பொட்டைக் கைலேஞ்சியால் துடைத்து, "முதல் வருசம் எல்லாருக்கும் இப்பிடித்தான். அங்கை ஒருத்தரும் திருப்பிக் கூப்பிடமாட்டினம். சிரியும், படம் எடுக்கப்போறாங்கள்" என்றேன். எனக்குக் கிடைக்காதது இவவுக்கு மட்டும் ஏன் கிடைக்க வேண்டும் என்று ஒரு எரிச்சல் அதற்குள் இருந்தது. அதை இன்றைக்குத்தான் முதல்முறையாக எழுதுகிறேன். திலகா சிரித்தா. நல்ல படம். அடுத்த வெள்ளிக்கிழமை தாலி கட்டியாயிற்று, பலகாரம் முழுவதும் நான்தான் சுட்டேன்.

எழுபதுகளின் கடைசியில் ஐயா செத்துப்போனார். உனக்கு அப்போது மூன்று வயது முடியவில்லை. உன்னையும் தூக்கிக்கொண்டு போனேன், செத்தவீட்டுக்குப் போய்ச் சேர முடியவில்லை, முப்பத்தோராம் நாள் அந்திரட்டிக்குத்தான் சேர்ந்தேன். ஐயாவின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். ஹோலில் வாசலுக்கு நேரே மாட்டவேண்டும் என்றா அம்மா. அந்த இடத்தில் கோலாவோடு நான் நின்றேன். ஆல்பத்தில் இல்லை, கண்ணாடி போட்டு, சுவரில். "ஐயா தானே கடைக்குக் கொண்டுபோய்ச் சட்டம் போடுவிச்சவர். அந்தப் பொன்னெழுத்து வடிவா இருக்கு, மட்டையோடையே போடு எண்டு கடைக்காரனோடை நிண்டு போடுவிச்சவர்" என்றா. நான் படத்தைக் கழற்றிக்கொண்டு அறைக்குள் போனேன். பின்பக்கத்து ஆணிகளைக் கத்தரிக்கோலால் கிளப்பினேன். மட்டைக்குள் என் கொப்பித் தாள், மடித்தபடி, ஒரு கைபடாமல் இருந்தது.

யாரும் என்னை வரவேண்டாம் என்று சொல்லவில்லை, தம்பி. யாருக்கும் தெரியவே தெரியாது. ஐந்து வருசம் அந்த மனிதர் வாசலால் வந்தவர்களுக்கெல்லாம் என்னுடைய சிரிப்பைக் காட்டிக்கொண்டிருந்தார், நான் அவரோடு கோபமாக இருந்தேன். அறைக்குள் அம்மா வந்து, "என்ன பிள்ளை அது?" என்று கேட்டா. கடையில் கொடுத்த துண்டு என்று சொன்னேன். அன்றைக்கு நான் அழுத அழுகையைப் பார்த்துத் தகப்பனில் எவ்வளவு பட்சம் என்று சனம் சொன்னது.

பிறகு ஏன் திரும்பி வந்தீர்கள் என்று நீ கேட்கலாம். பாஸ்போர்ட் என் கைப்பையில் இருந்தது, நீ என் இடுப்பில் இருந்தாய். இருந்துவிடலாம் என்று இரண்டு கிழமை யோசித்தேன். நீ ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஆறரைக்கு வாசலில் போய் நின்று அப்பா எங்கே என்று கேட்டாய். நான் போட்ட கணக்கில் நீயும் ஒரு எண்ணாக வந்துவிட்டாய். அது உன்னில் குற்றமில்லை, பிந்திப்போய்த் திறந்த கதவால் தனியாக நடக்க முடியாது என்பதைத்தான் சொல்கிறேன். வந்தேன். வந்தபிறகு பாஸ்போர்ட்டை அலுமாரிக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை, கார் ஓட்டப் பழகினேன், திரும்பப் படித்துப் பள்ளிக்கூட வேலைக்கும் போனேன். அப்பா எதையும் தடுக்கவில்லை. கேட்டிருந்தால் முன்னமே விட்டிருப்பேனே என்றுகூடச் சொன்னார். உண்மையாகவும் இருக்கலாம். சில நாட்களில் அதை நினைத்தால் சிரிப்பு வருகிறது, சில நாட்களில் சட்டியைப் போட்டு உடைக்கலாம் போல இருக்கிறது.

ஊரிலிருந்து வந்த அடுத்த நாளே திலகாவிடம் போனேன். ஒரு பிள்ளை தரையில் தவழ்ந்தது, மற்றது வயிற்றில் ஆறு மாதம். எல்லாவற்றையும் சொன்னேன், துண்டை, சட்டத்தை, அன்றைக்கு வரிசையில் எனக்குள் இருந்த எரிச்சலை. இப்போது எழுதட்டுமா, அம்மாவுக்கு எழுதட்டுமா என்று கேட்டேன். திலகா உடுப்பு மடிப்பதை நிறுத்தவில்லை.

"அண்டைக்கு நீங்கள் ஓம் எண்டிருந்தா நான் போயிருப்பன் அக்கா. இப்ப கேக்காதேங்கோ. இப்ப கேட்டா நான் அழுவன், பிள்ளை பயந்திடும்."

அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. வட்டிலப்பம் கொண்டுவந்து தரும்போது அவவின் கண்ணை என்னால் நேராகப் பார்க்க முடிவதில்லை. நீ அதைக் கவனித்திருக்க மாட்டாய்.

நீ உன் அப்பா அல்ல என்று சொல்வாய். தெரியும். நீ பாத்திரம் கழுவுவாய், அன்பாகக் கதைப்பாய், அவளுக்காகக் கிரான்பர்னில் உன் வீட்டுச் சுவருக்கு நிறம்கூட மாற்றியிருக்கிறாய். ஆனால் உன் அப்பாவும் தன்னை நல்லவர் என்றுதான் நினைத்தார், அதில் பொய்யும் இல்லை. நிருபா உன்னை விரும்பித்தான் வருகிறாளோ என்னவோ, எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. ஸ்பீக்கர் போனில் அப்பாவும் அண்ணாவும் கேட்டுக்கொண்டிருக்க வந்த ஓகேயை வைத்து நீ மண்டபத்துக்குச் சொல்லியிருக்கிறாய். அது அவளுடைய சம்மதம் என்று என்னால் நம்ப முடியவில்லை. அன்றைக்கு அந்தக் காக்கிப் பெண் என்னைக் கேட்டது நல்ல கேள்வி. ஆனால் அப்பா பக்கத்தில் நிற்கும்போது கேட்டாள். பத்தடி தள்ளிக் கூட்டிப்போய்க் கேட்டிருந்தால் நான் வேறு ஒன்று சொல்லியிருப்பேன், பிறகு நீ பிறந்திருக்கவும் மாட்டாய். உன்னைப் பெற்றதை நான் ஒரு நாளும் பிழை என்று நினைத்ததில்லை. ஆனாலும் இதை எழுதத்தான் வேண்டும்.

ஆகவே இதைக் கேள். ஞாயிற்றுக்கிழமை கோலாப் படத்துக்குப் போட்ட புக்கிங்கை நிற்பாட்டு. நான் புதன்கிழமை விமானத்தில் வருகிறேன், அப்பா வரவில்லை. வியாழன் அவளைக் கூட்டிவர நானும் வருவேன். அவள் இரண்டு நாள் நித்திரை கொள்ளட்டும். சனிக்கிழமை காலை நீ உன் சாவிக் கோர்வையிலிருந்து கார்த் திறப்பைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு உன் சிநேகிதன் வீட்டுக்குப் போய்விடு. நானும் அவளும் மட்டும் இருப்போம். அவள் அம்மாவுக்கு நான் எழுதுவேன், அப்பாவோடு நான் பேசுவேன், ஊர் என்ன சொன்னாலும் அது என் தலையில் விழட்டும் என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு கேட்பேன். இருக்கிறேன் என்று அவள் சொன்னால் உன் கல்யாணப் பலகாரத்தை நானே சுடுவேன். போகிறேன் என்று சொன்னால் அன்றைக்கே அவளை விமான நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போவேன். நீ என் பிள்ளை. உன் மனம் உடைவதைப் பார்க்க என்னால் தாங்க முடியாது, வழி முழுவதும் அழுதுகொண்டுதான் ஓட்டுவேன். ஆனால் நீ எத்தனை தரம் போன் எடுத்தாலும் காரைத் திருப்ப மாட்டேன்.

அம்மா